சக்கரம் கழற்றிய சைக்கிள்

ஜனவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று சாயங்காலம் ரயில் கார்டு என்னையும் என் சைக்கிளையும் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார். உன் தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்தார்கள், ஏறுவதற்கு முன்பே படித்தேன். 'காலை, மாலை நெரிசல் நேரங்களில் ரயில் பெட்டிகளில் சைக்கிள் அனுமதிக்கப்படமாட்டாது. எனினும், சக்கரம் கழற்றிய சைக்கிள் சுமையாகக் கருதப்படும்.' படித்த உடனே உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் வயிற்று வலிக்கு லீவு லெட்டர் எழுதும்போதே 'கருதப்படும்' என்று எழுதியவன் நீ.

சரி, விதி விதிதான் என்று நானும் ஸ்பேனர் வாங்கி முன் சக்கரத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். கார்டு வந்தார்.

"சக்கரம் கழட்டணும்மா."

"கழட்டியிருக்கேனே, இதோ."

"அது முன்னாடி சக்கரம். பின்னாடி இருக்கிறது என்ன, பூசணிக்காயா?"

"சக்கரம்னுதானே போட்டிருக்கு. சக்கரங்கள்னு போடலையே."

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு போர்டு வெச்சா, ஒத்தச் செருப்போட போவீங்களா?"

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் பெரிய அவமானம். ரயில் போய்விட்டது. நெரிசல் நேரம் முடிந்து அடுத்த வண்டியில் ஏறி, ஸ்டேஷனில் இறங்கி மிதித்து, அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பகல் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொள்கிற புண்ணியவதி. "லேட்டாகும்னா முன்னாடியே சொல்லிடும்மா, எனக்கும் வயசாகுது" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். அம்மா விழுந்ததிலிருந்து தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது. நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அங்கே கூட்டிப்போக வழியில்லை. தினமும் கடை விட்டதும் ரயில், ராத்திரி அம்மாவோடு, காலையில் மறுபடி ரயில், மறுபடி கடை. அம்மா ஊர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் என் ரயில் வருவதற்கு முன்பே போய்விடும். காலையில் சைக்கிளை அந்த ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வரலாம்தான். ஒரு தடவை விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சீட்டைக் காணோம். வீடு வரைக்கும் நின்றுகொண்டே மிதித்தேன்.

ஒற்றைச் சக்கரமா இரண்டு சக்கரமா என்று பெரிய ஆபீசர் தெளிவுபடுத்தவும்.

அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபமாக இருப்பது நியாயம். ஆனால் நடந்ததை முழுவதும் தெரிந்துகொண்டு கோபப்படு.

போன மாதம் ஒரு பெரியவரின் முழங்காலில் யாருடைய சைக்கிள் பெடலோ குத்தி நாலு தையல். அதற்குப் பிறகு சைக்கிளே கூடாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் வந்தது ஒரே ஒரு வரி, அதை அழகாக எழுதிக் கொடு என்றார்கள். 'எனினும்' என்று தொடங்குகிற வரியை நான்தான் சேர்த்தேன். உனக்காகத்தான் சேர்த்தேன். "அது என்னய்யா, எனினும்?" என்று மேலதிகாரி கேட்டார். உலகத்தில் எல்லா விதிக்கும் ஓர் எனினும் உண்டு சார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் மனதில் வைத்தது முன் சக்கரத்தை மட்டும். அதைக் கழற்றினால் வண்டியின் நீளம் குறையும், வாசலை மறிக்காது. கார்டு சொன்ன செருப்பு உதாரணத்தை ஒப்புக்கொள்ள முடியாது. டாக்டர் பல்லைப் பிடுங்கினார் என்றால் வாயில் இருக்கிற அத்தனையையுமா பிடுங்கினார்? ஆனால் சண்டை என்று வந்தால் அந்த வரி இரண்டு பக்கமும் பேசும் என்பது உண்மைதான். ஒன்றா இரண்டா என்ற கேள்வி எனக்கு எழுதும்போது தோன்றவே இல்லை.

திருத்தம் கொண்டுவர முயல்கிறேன். ஓர் எழுத்தைத் திருத்தவும் ஆறு மேஜை தாண்ட வேண்டும். அதுவரை இரண்டையும் கழற்றிவிடு. பின் சக்கரமும் கஷ்டமில்லையாம், செயினைக் கடைசிப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு நட்டைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும் என்று ஒரு படம் போட்ட புத்தகத்தில் பார்த்தேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். மாமாவுக்கும் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 3

தம்பிக்கு,

கையோடு வந்துவிடுமாம். வந்தது, செயினும் கூட வந்தது. படம் போட்ட புத்தகத்தில் சைக்கிள் எப்போதும் புதுசாக இருக்கும், பிளாட்பாரத்தில் கூட்டம் இருக்காது, படத்தில் இருக்கிறவன் கடை விட்டு வந்த களைப்பில் இருக்க மாட்டான்.

இப்போது என் சாயங்காலம் எப்படி என்று கேள். ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு சக்கரத்தையும் கழற்றுகிறேன். ஒரு தோளில் எலும்புக்கூடு மாதிரி ஃபிரேம், இன்னொரு தோளில் கயிற்றில் கோத்த இரண்டு சக்கரம். மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறேன். அந்தப் பக்கம் போய் இறங்கினதும் எல்லாவற்றையும் மறுபடி மாட்டி மிதிக்கிறேன். காலையில் இதே கூத்து மறுபடி.

காலையில் கழற்றுவதுதான் வினையாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் கிரீஸ் நகக்கண்ணில் நிற்கிறது, நான் செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு பெரியவரின் புதுக் கண்ணாடியில் ஓரமாக ஒரு கருப்புத் தீற்றல் தங்கிவிட்டது. தன் கண்ணில்தான் ஏதோ படர்கிறது என்று பயந்து அவர் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினாராம். கடையில் எல்லாரும் சிரித்தார்கள், கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

உன் மாமாவை விசாரித்திருந்தாய். நானும் விசாரித்ததாக நீயே சொல்லிவிடு. நானும் அவரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் செய்கிறோம் என்பதற்கு இப்போது துணி காய்கிற கொடி மட்டும்தான் சாட்சி.

அம்மா நேற்று உன்னைக் கேட்டாள். "அவன் எப்ப வர்றான்?" என்றாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். "கேட்டானாமா?" என்றாள்.

ஒரு வாரம் வாடா. விதியையெல்லாம் அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து ஒரு முழுத் திட்டமே எழுதிவிட்டேன். திருத்தம் மட்டும் போதாது, ஒட்டுப்போட்ட சட்டைக்கு இன்னொரு ஒட்டு எதற்கு?

கடைசிப் பெட்டியில் ஒரு பக்கத்து இருக்கைகளை எடுத்துவிட்டுச் சுவரில் கொக்கி. முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினால் சைக்கிள் நிமிர்ந்து நிற்கும், யார் முழங்காலையும் இடிக்காது. மேம்பாலப் படிகளின் ஓரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏற ஒரு சின்ன வாய்க்கால். ஸ்டேஷன் வாசலில் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம், கம்பி வேலி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த நிறுத்தத்தை நானே வரைந்தேன்.

மேலதிகாரி பார்த்துவிட்டு "ஒரு சைக்கிளுக்கு இத்தனை ஆடம்பரமா?" என்றார். என் அக்கா என்று நான் சொல்லவில்லை. உன் பாதையில் இருக்கிற பஞ்சாலை ஆட்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கல்லூரிப் பெண்கள் எல்லாரையும் இழுத்துவிட்டேன். சைக்கிளை ரயிலோடு சேர்த்துவிட்டால் பஸ் இல்லாத ஊருக்கெல்லாம் ரயில் போன மாதிரி என்று பேசினேன். எனக்கே நான் பேசியது பிடித்திருந்தது. பத்து வருஷத்தில் இந்த ஆபீசில் எனக்கு வேலை செய்த மாதிரி தோன்றியது இப்போதுதான்.

நீ சில விவரம் எழுது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கிறது? பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் எவ்வளவு உயர வித்தியாசம்? மழைநீர் எந்தப் பக்கம் தேங்குகிறது? இவையெல்லாம் வரைபடத்தில் கிடைக்காது.

லீவு விஷயம். மகளுக்குப் பரீட்சை, இங்கே இந்தத் திட்டமும் சூடாக இருக்கிற நேரம். இதை முடித்துவிட்டால் உனக்கு ஆயுசுக்கும் கஷ்டமில்லை. அம்மாவிடம் சொல்.

தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

நீ கேட்ட விவரம்.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தில் நிற்பதே இல்லை. பிளாட்பாரம் முடிந்து மண் தரை ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கும். உயர வித்தியாசம் என் இடுப்பு வரை. முதலில் ஃபிரேமை உள்ளே தள்ளுவேன், பிறகு சக்கரங்கள், பிறகு நான். ஒரு நாள் ஃபிரேம் ஏறியது, ஒரு சக்கரம் ஏறியது, நான் ஏறினேன், இன்னொரு சக்கரம் கீழேயே நின்றுவிட்டது. செருப்பு உதாரணம் சொன்ன அதே கார்டுதான் விசில் ஊதி நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு சக்கரம்னு நான்தான் சொன்னேன், அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார். இப்போதெல்லாம் நான் வருவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார், ஒற்றைச் சக்கரத்தோடு போனாலும் கேட்பதில்லை. வேறு கார்டு வருகிற நாளில்தான் அவஸ்தை.

மழைநீர் வாசலுக்கு இடது பக்கம் தேங்கும். நான் போன வாரம் அதில் விழுந்தேன், அதனால் நிச்சயமாகத் தெரியும்.

ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். முந்தாநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த ஸ்டேஷனிலிருந்து மிதித்து வந்தேன். அம்மா படுக்கையை நனைத்துக்கொண்டு, டீச்சரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தாள். "என்னால உனக்கு எவ்வளவு தொல்லை" என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தேன். சிரிப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. கடையில் சிரிக்கிறேன், ரயிலில் சிரிக்கிறேன், அம்மாவிடம் சிரிக்கிறேன். வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போனால் உன் மாமாவிடம் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நீ கொக்கி, வாய்க்கால், கூரை என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா

*

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதினால் இந்தச் செய்தியோடுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

எல்லாம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து எல்லா நேரத்திலும் சைக்கிள் ஏற்றலாம், சக்கரம் கழற்ற வேண்டியதில்லை. கடைசிப் பெட்டியில் கொக்கி மாட்டிவிட்டார்கள். நீ சொன்ன மண் தரைக்குப் பிளாட்பாரத்தை நீட்டிவிட்டார்கள். நிறுத்தத்தில் கம்பி வேலியும் காவலுக்கு ஆளும் உண்டு. ஆகவே சைக்கிளை அம்மா ஊர் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு நீ கைவீசிக்கொண்டு ரயில் ஏறலாம். கிரீஸ் கிடையாது, சீட் திருட்டு கிடையாது.

புதிய சுற்றறிக்கையில் 'சக்கரம்' என்ற சொல்லே வராமல் எழுதியிருக்கிறேன்.

மேலதிகாரி எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். வேறு இரண்டு பாதைகளிலும் இதே மாதிரி செய்யப் போகிறார்களாம், என்னைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகளும் பாஸாகிவிட்டாள். நீ எனக்கு ஒரு வார்த்தை எழுது. இனி நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அம்மாவிடம் சிரமம் இல்லாமல் போய் வரலாம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

ஒரு வார்த்தை எழுதச் சொன்னாய். ரொம்ப நன்றாக இருக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சாயங்காலம் அந்தக் கடைசிப் பெட்டியைப் பார்க்க வேண்டும். பஞ்சாலைப் பெண்கள் சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. என் தம்பிதான் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன், ஒருத்தி நம்பவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை முழுவதும் படி.

ஜனவரியில் அந்தக் கார்டு என்னை இறக்கிவிட்ட அன்று, ரயில் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். உனக்கு எழுதிய கடிதத்தில் கோபத்தை மட்டும் எழுதினேன். அந்தப் பெஞ்சில் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுதவில்லை. அடுத்த ரயில் வரும்வரை நான் யாருக்கும் வேண்டாம். என் மேல் தப்பில்லை, விதி அப்படி. காலை நீட்டிக்கொண்டு அழுதேன். சைக்கிள் நின்றுபோனால் நானும் நிற்கலாம் என்று ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பெற்ற தாயிடம் போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று ஏங்கினேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

நீ ஒவ்வொரு சாக்காக எடுத்துவிட்டாய். சக்கரம் போயிற்று, கிரீஸ் போயிற்று, பிளாட்பாரம் நீண்டது. இனி நான் வரவில்லை என்றால் வர இஷ்டமில்லை என்றுதான் அர்த்தம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை ரயிலில் படித்தேன். எத்தனை என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் உன்னிடம் வழி கேட்கவில்லையடா. உன்னைக் கேட்டேன்.

அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை, உன் மேலும் அவ்வளவாக இல்லை. அலுத்துவிட்டது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட அலுப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் தீராது.

டீச்சர் இந்த வாரம் மட்டும் ராத்திரியும் அம்மாவோடு தங்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தன் மகள் வீட்டுக்குப் போகிறார், திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவார். நடுவில் அம்மாவோடு யார் என்பதை நான் யோசிக்கவில்லை. அதை யோசிப்பது இனி உன் வேலை. சைக்கிள் உன் நிறுத்தத்தில், மூலையில் நிற்கிறது. பூட்டிவிட்டேன். சாவி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். காலை நேரம். அம்மா இப்போதுதான் கண் அசந்தாள்.

சனிக்கிழமையே கிளம்பி ஞாயிறு மத்தியானம் வந்து இறங்கினேன். மழை பெய்து விட்டிருந்தது. நிறுத்தத்தின் கூரையை நான் உள் பக்கம் சாய்த்து வரைந்திருக்கிறேன். தண்ணீர் அத்தனையும் நேராக சீட்டுகள் மேல் இறங்குகிறது. காவலாளி ஒவ்வொரு சீட்டுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தார். "எந்த மகானுபாவன் வரைஞ்சானோ" என்றார். நான் பையை அவிழ்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. வழியில் இருக்கிற மேட்டில் இறங்கித் தள்ளினேன், பிறகு ரோட்டோரமாக உட்கார்ந்தே விட்டேன். இதைத்தான் நீ கடை விட்டு வந்த பிறகு செய்தாயா என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எது எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். படுக்கை மாற்றுவது எப்படி என்று அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேருக்கும் கூச்சம். முதல் தடவை தலையணை எனக்குக் கீழே விழுந்தது, அம்மா என் மேல் விழுந்தாள்.

சாயங்காலம் உன் ரயில் நேரத்துக்கு அம்மா வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அவ எங்க?"

"இன்னிக்கு வரலம்மா. நான் இருக்கேன்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அலுத்துப்போச்சாம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவளே சொன்னாளா?"

"எழுதியிருந்தா."

"அப்பாடா" என்றாள் அம்மா. "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. தினமும் சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பா. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கும். இவ என்னிக்கு உடைஞ்சு விழப்போறாளோன்னு கண்ணை மூடிக்குவேன். நான் தூங்குறேன்னு நினைச்சுக்குவா."

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன். அந்த இரண்டு பாதைத் திட்டத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள், போகட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன என்பதை மூன்று பேரும் இங்கே உட்கார்ந்து பேசுவோம், எழுத வேண்டாம். அம்மாவும் பேசுவாள்.

அதுவரை நீ இந்தப் பக்கம் வராதே. மனசு கேட்காமல் வந்தாலும் ஸ்டேஷனிலிருந்து நடந்துதான் வர வேண்டும், சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

தூங்கு, அக்கா.

தம்பி